பழைய சிறு விமானங்களில் தோள் பெல்ட் பொருத்துதல்: முக்கியக் குறிப்புகள்

விமானப் பராமரிப்பு, வானூர்திப் பொறியியல் தேர்வுகளுக்குப் படிப்போருக்கானது. விதிகளும் அவற்றின் தேதிகளும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. விசைக் கணக்கு எந்நாட்டு விமானத்துக்கும் பொருந்தும். பெல்ட்டின் வலிமை அது மாட்டப்படும் இடத்தின் வலிமையைத் தாண்டாது என்பதை மனத்தில் வைத்துப் படித்தால் எண்களும் விதிகளும் எளிதில் பிடிபடும்.

1. அடிப்படை

• தோள் பெல்ட்: மோதலின்போது மேலுடம்பு முன்னோக்கி வீசப்படாமல் தடுக்கும் வார். துறையில் ‘ஷோல்டர் ஹார்னஸ்’ என்றே வழங்கும்.
• இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால் இடுப்பு நிற்கும், மேலுடம்பு மடங்கும், தலை கருவிப் பலகையில் மோதும். சிறு விமானத்தில் பலகை கைக்கெட்டும் தூரத்திலேயே இருப்பதால் தலை, முகக் காயங்கள் அதிகம்.
• மூன்று முனை: இடுப்பு பெல்ட்டுடன் ஒரு குறுக்கு வார். நான்கு முனை: இரு தோள்களிலும் வார். ஐந்து முனை: கூடுதலாகக் கால்களுக்கிடையே ஒரு வார்.
• இனர்ஷியா ரீல்: இயல்பான அசைவுக்கு வாரைத் தளர்த்தி விடும், திடீர் வேகக் குறைவில் பூட்டிக்கொள்ளும். நிலையான வாருடன் அமர்ந்த விமானிக்குத் தரையோரமுள்ள எரிபொருள் திருப்பியை எட்டுவது கடினம். ரீலில் அந்தத் தொல்லை இல்லை.
• சப்மரீனிங்: இடுப்பு பெல்ட் இடுப்பெலும்பை விட்டு வயிற்றுக்கு ஏற, உடல் அதன் கீழே நழுவுதல். கல்லீரல், மண்ணீரல், குடல் காயங்களுக்குக் காரணம். இடுப்பு பெல்ட்டை முதலில் இறுக்கிய பிறகே தோள் வாரை இறுக்க வேண்டும் என்பது இதனால்தான்.

2. வரலாறு: ஆண்டுகள்

• 1917: ராயல் ஃப்ளையிங் கோரில் பயிற்சி பெற்ற ஹியூ டீஹேவன் விமான விபத்தில் உயிர் தப்பினார். தன் உள்காயங்களுக்குப் பெல்ட்டின் கொக்கியே காரணம் என்று கருதினார்.
• 1942: கார்னெல் மருத்துவக் கல்லூரியில் டீஹேவன் தலைமையில் விபத்துக் காய ஆய்வு தொடக்கம்.
• 1954 டிசம்பர் 10: ஜான் பால் ஸ்டாப், நியூ மெக்சிகோவின் ஹாலமன் விமானப்படைத் தளத்தில் ராக்கெட் வண்டியில் மணிக்கு 632 மைல் வேகத்திலிருந்து நிறுத்தப்பட்டார். உச்ச விசை 46.2 ஜி. முறையாகக் கட்டப்பட்ட உடல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான சான்று.
• 1955: கிரிஸ்வோல்ட், டீஹேவன் இருவருக்கும் மூன்று முனை பெல்ட்டுக்கான காப்புரிமை.
• 1959: வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் கார்களுக்கான மூன்று முனை பெல்ட்டை வடிவமைத்தார். அதற்குமுன் சாப் நிறுவனத்தில் விமான வெளியேற்ற இருக்கைகளில் பணிபுரிந்தவர்.

3. விதி: தயாரிப்புத் தேதிகள்

• விதி எண்: 91.205.
• 1978 ஜூலை 18-க்குப் பின் தயாரான சிறு விமானங்கள்: முன் இருக்கைகளுக்குத் தோள் பெல்ட் கட்டாயம்.
• 1986 டிசம்பர் 12-க்குப் பின் தயாரானவை (விமானி இருக்கை நீங்கலாக 9 இருக்கைகள் வரை): எல்லா இருக்கைகளுக்கும் கட்டாயம்.
• முன் இருக்கை: விமானப் பணியாளர் இருக்கையும் அதன் பக்கத்து இருக்கையும். பைப்பர் ஜே-3 கப்-பில் தனியாகப் பறக்கும் விமானி பின்னால் அமர்வார்; எனவே ‘முன் இருக்கை’ என்பதை இடத்தை மட்டும் வைத்துப் புரிந்துகொள்ளக்கூடாது.
• இத்தேதிகளுக்கு முந்தைய விமானங்கள் தோள் பெல்ட் இல்லாமலும் சட்டப்படி பறக்கலாம். 1938 முதல் 1947 வரை தயாரான ஜே-3 கப், 1956-இல் உற்பத்தி தொடங்கிய செஸ்னா 172-இன் ஆரம்ப விமானங்கள் இந்த வகை.
• பொருத்திய பின் நிலைமை மாறும்: விதி 91.105-இன்படி, புறப்படும்போதும் இறங்கும்போதும் விமானப் பணியாளர் அதை அணிய வேண்டும். பணி செய்ய இயலாதபடி தடுத்தால் மட்டுமே விலக்கு.

4. ஆய்வு எண்கள்

• 1985, தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் (என்.டி.எஸ்.பி.): கடுமையான சிறு விமான விபத்துகள் 500-க்கும் மேல் ஆராயப்பட்டன. தோள் பெல்ட் இருந்திருந்தால் இறந்தோரில் 20 விழுக்காட்டினர் பிழைத்திருக்கலாம். பலத்த காயமுற்றோரில் 88 விழுக்காட்டினரின் காயம் வெகுவாகக் குறைந்திருக்கும்.
• 2011, அதே வாரியம்: இடுப்பு பெல்ட் மட்டும் அணிந்தவருக்கு மரணம் அல்லது பலத்த காயம் நேரும் அபாயம், இரண்டும் அணிந்தவரைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு அதிகம்.

5. விசைக் கணக்கு

• நிலைச் சோதனைக்கான முன்னோக்கு விசை: 9 ஜி.
• பகிர்வு: இடுப்பு பெல்ட்டுக்கு 60%, தோள் பெல்ட்டுக்கு 40%.
• பொருத்துமிடக் காரணி: 1.33.
• எடுத்துக்காட்டு: 170 பவுண்டு எடையுள்ளவர். 170 × 9 = 1,530. அதில் 40% = 612. 612 × 1.33 = 814 பவுண்டு, அதாவது சுமார் 369 கிலோ. தோள் பெல்ட் மாட்டிய ஒற்றை இடம் இவ்வளவையும் தாங்க வேண்டும்.
• நிற்கும் தூரம்: 60 நாட் வேகத்தில் (நொடிக்கு 31 மீட்டர்) செல்லும் விமானம் சீராக 9 ஜி-யில் நிற்க 5.4 மீட்டர் போதும். மெதுவாக இறங்கும் சிறு விமானங்களின் விபத்துகள் பலவற்றில் உயிர் பிழைக்க வழி இருப்பது இதனால்தான்.
• 1988 திருத்தம் 23-36: புதிய வகைச் சான்றுக்கு இயக்கச் சோதனை. முன்னோக்கி 26 ஜி. கீழ்நோக்கி 19 ஜி (முதல் வரிசை). பழைய வகைச் சான்றில் பறக்கும் விமானங்களை இது கட்டுப்படுத்தாது.

6. பொருத்தும் இடம்

• தோள் வார் தோளிலிருந்து பின்னோக்கிச் செல்லும் கோணம்: கிடைமட்டத்துக்கு மேல் 0 முதல் 30 பாகை. கீழ்நோக்கி 5 பாகைக்கு மேல் போகக்கூடாது.
• காரணம்: மாட்டுமிடம் தோளுக்கு மிகவும் கீழே இருந்தால், உடல் முன்னோக்கி இழுபடும்போது வார் தோளைக் கீழே அழுத்தி முதுகெலும்பை நசுக்கும். தரையில் மாட்டுவது எளிதாகத் தெரிந்தாலும் இதனால் தவறு.
• குறுக்கு வாரின் மேல்முனை வெளிப்பக்கத் தோளின் மேல், அதாவது விமானச் சுவர்ப் பக்கம் அமைய வேண்டும்.
• எஃகுக் குழாய்ச் சட்ட உடல் (கப் வகை): குழாயின் நடுப்பகுதி வளையும், குழாய்கள் கூடும் இணைப்பருகே பற்றிகளால் மாட்டுவதே நல்லது. அனுமதியின்றித் துளையோ வெல்டிங்கோ கூடாது.
• அலுமினியத் தகட்டு உடல் (செஸ்னா வகை): மெல்லிய தகடு தனியாகத் தாங்காது, கிழியும். சட்டம், நீள்விலா போன்ற உறுப்புகளில் மாட்டி, வலுவூட்டுத் தகடு வைத்து விசையைப் பரப்ப வேண்டும்.
• இருக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இருக்கைத் தண்டவாளத் துளைகள் தேய்ந்து பூட்டு நழுவும் சிக்கலுக்காக 1987-இல் செஸ்னா விமானங்களுக்கு வான்தகுதி ஆணை 87-20-03 வந்தது.

7. அனுமதி வழிகள்

• எஸ்.டி.சி. எனப்படும் துணை வகைச் சான்று: குறிப்பிட்ட மாடலுக்கு ஏற்கெனவே சோதிக்கப்பட்ட தொகுப்பு. உரிமையாளருக்கு எளிய வழி.
• கள அனுமதி: எஃப்.ஏ.ஏ. (அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம்) ஆய்வாளர் அந்த ஒரு விமானத்துக்கு வழங்குவது. படிவம் 337-இல் பதிவாகும்.
• சிறு மாற்றம்: துளையிடல், வெல்டிங் போன்ற கட்டமைப்பு மாற்றம் தேவைப்படாத பழைய விமானங்களுக்கு எஃப்.ஏ.ஏ.-வின் 2000-ஆம் ஆண்டுக் கொள்கை அறிக்கை இவ்வழியைத் திறந்தது.
• தொழில்நுட்ப வழிகாட்டி: ஆலோசனைச் சுற்றறிக்கை 43.13-2பி (2008), அத்தியாயம் 9.
• பெல்ட்டுக்கான தரநிலைகள்: இடுப்பு பெல்ட்டுக்கு டி.எஸ்.ஓ.-சி22, மேலுடம்பைக் கட்டும் அமைப்புக்கு டி.எஸ்.ஓ.-சி114.
• பொருத்தியபின்: பதிவேட்டில் குறிப்பு, உபகரணப் பட்டியல், எடைச் சமநிலைத் திருத்தம்.

8. தடுமாறும் இடங்கள்

• 1978 முன் இருக்கைகளுக்கு. 1986 எல்லா இருக்கைகளுக்கும். இரண்டும் தயாரிப்புத் தேதிகள். பதிவுத் தேதி அல்ல.
• பழைய இடுப்பு பெல்ட்டுக்குப் பதில் புதியதை மாட்டுவது, விமானியே செய்யக்கூடிய தடுப்புப் பராமரிப்பு. புதிதாகத் தோள் பெல்ட் அமைப்பது மாற்றியமைத்தல், அதில் சேராது.
• 9 ஜி நிலைச் சோதனை; 26 ஜி இயக்கச் சோதனை.
• ஸ்டாப் 46.2 ஜி தாங்கினார் என்பதை வைத்து 9 ஜி குறைவென்று எழுதக்கூடாது. 46.2 அவர் உடல் ஏற்ற விசை. 9 பெல்ட்டும் மாட்டுமிடமும் தாங்க வேண்டிய விசை.

9. ஒரு வரி வினா-விடை

• தோள் பெல்ட்டின் விசைப் பங்கு? 40%.
• பொருத்துமிடக் காரணி? 1.33.
• தோள் வாரின் மேல்நோக்குக் கோண வரம்பு? 30 பாகை.
• கள அனுமதிப் படிவம்? 337.
• 1960-இல் தயாரான செஸ்னா 172-க்குத் தோள் பெல்ட் கட்டாயமா? இல்லை, பொருத்தியிருந்தால் புறப்படும்போதும் இறங்கும்போதும் விமானி அணிவது கட்டாயம்.