அலமோ முற்றுகை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

1836 பிப்ரவரி 23 அன்று மெக்சிகோவை ஆண்ட ஜெனரல் சான்டா அன்னாவின் படை டெக்சாஸின் சான் அன்டோனியோ ஊருக்குள் நுழைந்தது. அங்கிருந்த கிளர்ச்சிப் படையினர் ஊருக்கு எதிரே, ஆற்றின் மறுகரையில் இருந்த அலமோ என்ற பழைய கத்தோலிக்க மிஷன் வளாகத்துக்குள் புகுந்துகொண்டனர். முற்றுகை 13 நாள் நீடித்தது. மார்ச் 6 அன்று விடியும் முன்பே தொடங்கிய தாக்குதல் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தபோது, உள்ளே இருந்த ஏறத்தாழ 200 போராளிகள் மாண்டிருந்தனர். ஆறே வாரத்தில், ஏப்ரல் 21 அன்று, சான் ஜசின்டோவில் சாம் ஹூஸ்டனின் படை சான்டா அன்னாவைத் தோற்கடித்தது. டெக்சாஸ் தனிக் குடியரசானது. 1845-இல் அமெரிக்காவுடன் இணைந்தது.

வரலாறு இவ்வளவுதான். ஆனால் இதன்மேல் பள்ளிப் பாடங்களும் ஹாலிவுட்டும் எழுப்பிய கதை மிகப் பெரியது. 1950-களின் டிஸ்னி தொலைக்காட்சித் தொடரும், 1960-இல் ஜான் வெயின் இயக்கி நடித்த படமும் அதை உலகெங்கும் கொண்டுபோயின. அந்தக் கதையில் இடம் கிடைக்காதவர்களுக்கு அவர்களுடைய இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே இந்தத் திருத்தங்கள்.

நம்பிக்கை: தளபதி டிராவிஸ் வாளால் தரையில் கோடு கிழித்தார். சாகத் துணிந்தவர்கள் அதைத் தாண்டி அவர் பக்கம் வந்தனர்.

உண்மை: இந்தக் காட்சி முதன்முதலில் அச்சேறியது 1873-இல், போர் முடிந்து 37 ஆண்டுகளுக்குப் பிறகு. எழுதியவர் வில்லியம் ஸூபர். அலமோவிலிருந்து தப்பிவந்த ரோஸ் என்பவர் தன் பெற்றோரிடம் சொன்னது என்றார். டிராவிஸ் ஆற்றியதாக வரும் உரையைத் தானே அமைத்து எழுதியதாகப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார்.

கோடு கற்பனையாக இருக்கலாம். துணிவு கற்பனை அல்ல. மார்ச் 1 அன்று, முற்றுகை இறுகியிருந்த நேரத்தில், கொன்சாலஸ் ஊரிலிருந்து 32 பேர் மெக்சிகோ படையின் காவலைக் கடந்து அலமோவுக்குள் போனார்கள். உள்ளே என்ன காத்திருக்கிறது என்று தெரிந்தே போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. 26 வயது டிராவிஸ் உதவி கேட்டு எழுதிய கடிதங்களும் உண்மையானவை. மார்ச் 3 அன்று எழுதிய ஒரு கடிதத்தில், சுதந்திரத்தை அறிவியுங்கள் என்று அவர் வேண்டினார். அதற்கு முந்தைய நாளே பிராசோஸ் ஆற்றங்கரையில் கூடிய டெக்சாஸ் மாநாடு சுதந்திரத்தை அறிவித்துவிட்டிருந்தது. அந்தச் செய்தி அவருக்கு எட்டியதற்குச் சான்று இல்லை.

நம்பிக்கை: அமெரிக்கர்கள் ஒருபக்கம், மெக்சிகர்கள் மறுபக்கம் நின்று நடத்திய போர் இது.

உண்மை: டெக்சாஸ் மண்ணிலேயே பிறந்து வளர்ந்த ஸ்பானிய மொழி மக்கள் டெஹானோக்கள் எனப்படுவர். அவர்களில் பலர் கிளர்ச்சியின் பக்கம் நின்றனர். அலமோவில் மடிந்த கிரெகோரியோ எஸ்பார்சா ஒரு டெஹானோ. அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவரான பிரான்சிஸ்கோ மெக்சிகோ படையில் இருந்தார். இறந்த போராளிகளின் உடல்களையெல்லாம் அடுக்கி எரிக்கச் சொன்னார் சான்டா அன்னா. பிரான்சிஸ்கோ அனுமதி கேட்டுப் பெற்று, பிணங்களுக்கிடையே தேடி, கிரெகோரியோவின் உடலை எடுத்துப் போய் முறைப்படி அடக்கம் செய்தார். முறையான அடக்கம் கிடைத்ததாக நமக்குத் தெரிந்த அலமோ போராளி அவர் ஒருவரே.

இன்னொரு டெஹானோவான ஹுவான் செகின் முற்றுகையின்போது தூதராக வெளியே அனுப்பப்பட்டதால் உயிர் பிழைத்தார். சான் ஜசின்டோவில் டெஹானோ அணிக்குத் தலைமை ஏற்றார். எதிரி என்று நினைத்துத் தங்கள் படையே சுட்டுவிடக் கூடாதென்று அந்த அணியினர் தொப்பியில் அட்டைத் துண்டைச் செருகிக்கொண்டு போரிட்டனர். பின்னர் சான் அன்டோனியோவின் மேயரான செகினுக்கு, புதிதாகக் குடியேறியவர்களின் பகையும் துரோகிப் பட்டமும் துரத்த, 1842-இல் மெக்சிகோவுக்கே ஓட நேர்ந்தது. அவருக்குப் பிறகு மெக்சிகோ வம்சாவளியினர் ஒருவர் அந்நகர மேயராக 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தான் விடுவித்த மண்ணிலேயே அந்நியனாக்கப்பட்ட இந்த மனிதரை விட்டுவிட்டு அந்தப் போரின் வரலாற்றைச் சொல்ல முடியாது.

நம்பிக்கை: டெக்சாஸ் கிளர்ச்சி சர்வாதிகாரத்துக்கு எதிரான விடுதலைப் போர் மட்டுமே.

உண்மை: சர்வாதிகாரம் மெய்யானது. மாகாணங்களுக்கு உரிமை தந்த 1824 அரசியலமைப்பை சான்டா அன்னாவின் அணி கவிழ்த்தது. எதிர்த்து நின்ற சகாதெகாஸ் மாகாணத்தை 1835-இல் ராணுவம் நசுக்கியது. ஆனால் டெக்சாஸில் குடியேறிய அமெரிக்கர்களின் பருத்தி விவசாயம் அடிமைகளின் உழைப்பில் நடந்தது. மெக்சிகோ 1829-இல் அடிமைமுறையை ஒழித்து ஆணையிட்டது. டெக்சாஸுக்கு விலக்கு கிடைத்தது என்றாலும் அச்சம் போகவில்லை. 99 ஆண்டு வேலை ஒப்பந்தம் என்று காகிதத்தில் எழுதிக்கொண்டு அடிமைகளைக் கொண்டுவந்தவர்களும் உண்டு. 1836-இல் புதிய குடியரசு இயற்றிய அரசியலமைப்பு, அடிமைகளை விடுவிக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கே மறுத்தது. 1860-இல் டெக்சாஸில் அடிமைகள் 1,82,000-க்கும் மேல். யாருக்கு விடுதலை என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்தப் போரைப் புகழ்வது நேர்மையல்ல.

நம்பிக்கை: அலமோவில் இருந்தவர்களில் ஒருவர்கூட உயிர் தப்பவில்லை.

உண்மை: பெண்களும் குழந்தைகளும் பிழைத்தனர். சுசானா டிக்கின்சனும் அவர் கைக்குழந்தையும், எஸ்பார்சாவின் மனைவியும் பிள்ளைகளும் அவர்களில் சிலர். டிராவிஸின் அடிமையான ஜோ என்ற இளைஞரும் பிழைத்தார். எஜமானுடன் சுவரருகே நின்ற அவர், கடைசி நேரச் சண்டையைக் கண்ணால் கண்டவர். டெக்சாஸ் தலைவர்கள் முன் நின்று நடந்ததை விளக்கமாகச் சொன்னார். டிராவிஸ் எப்படி இறந்தார் என்பது நமக்குத் தெரிவதே அவரால்தான். அதற்குப் பிறகு அவரை என்ன செய்தார்கள்? டிராவிஸின் சொத்துகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்கள். 1837 ஏப்ரல் 21, சான் ஜசின்டோ வெற்றியின் முதலாம் ஆண்டு நிறைவு நாளில், ஜோ தப்பி ஓடினார். அவரைப் பிடித்துத் தருபவருக்கு 50 டாலர் பரிசு என்று செய்தித்தாளில் விளம்பரம் வந்தது.

நம்பிக்கை: அலமோ போராளிகளில் புகழ்பெற்றவரான டேவிட் குரோக்கெட் கடைசி மூச்சு வரை துப்பாக்கியைச் சுழற்றிப் போராடி வீழ்ந்தார்.

உண்மை: அவர் அங்கே இறந்தார் என்பது உறுதி. எப்படி என்பது உறுதியில்லை. மெக்சிகோ அதிகாரி தெ லா பெனியாவின் நினைவுக் குறிப்புகள் 1955-இல் வெளிவந்தன. குரோக்கெட் உட்படச் சிலர் பிடிபட்டு, சான்டா அன்னாவின் உத்தரவால் கொல்லப்பட்டதாக அவை சொல்கின்றன. 1975-இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்ததும் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. ஏன் கோபப்பட வேண்டும்? பிடிபட்டவரைக் கொன்றது, கொன்றவனுக்கே இழிவு. மாண்டவரின் மதிப்பு அதனால் குறையாது.

நம்பிக்கை: அந்த 13 நாள்தான் ஹூஸ்டன் படை திரட்ட அவகாசம் தந்தது. அதனால்தான் வெற்றி கிடைத்தது.

உண்மை: முற்றுகையின் கடைசி நாள்களில் ஹூஸ்டன், சுதந்திரத்தை அறிவித்த அந்த மாநாட்டில் இருந்தார். கொன்சாலஸ் ஊரில் படையிடம் அவர் வந்து சேர்ந்ததே மார்ச் 11 அன்று. அங்கே இருந்தவர்கள் ஏறத்தாழ 370 பேர். அலமோவைக் கைவிட்டுத் தகர்த்துவிடலாம் என்பதே ஜனவரியில் அவருடைய எண்ணம். மக்களைக் கொந்தளிக்க வைத்தது அலமோ மட்டுமல்ல. மார்ச் 27 அன்று கோலியாட் ஊரில், மெக்சிகோ படையிடம் சரணடைந்த கிளர்ச்சிப் படைக் கைதிகள் 340-க்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அலமோவில் இறந்தவர்களைவிட அதிகம். சான் ஜசின்டோவில் வீரர்கள் இரண்டு பெயர்களையும் சேர்த்தே முழங்கினார்கள். சினிமாவும் சுற்றுலாவும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டன.

நம்பிக்கை: படங்களில் பார்க்கும் வளைந்த முகப்புள்ள தேவாலயமே அன்றைய கோட்டை.

உண்மை: அந்த வளைவு 1850-இல் அமெரிக்க ராணுவம் கட்டியது. போரின்போது தேவாலயத்துக்குக் கூரையே இல்லை. கடும் சண்டை நடந்த இடங்களில் ஒன்று அருகிலிருந்த நீண்ட படைவீட்டுக் கட்டடம். அது இடிக்கப்பட இருந்தபோது, 1908-இல் அடீனா தெ சவாலா என்ற பெண்மணி உள்ளே புகுந்து கதவை அடைத்துக்கொண்டு, மூன்று நாள் வெளியே வர மறுத்தார். கட்டடம் தப்பியது. அவருடைய தாத்தா லொரென்சோ தெ சவாலா, டெக்சாஸ் குடியரசின் முதல் துணை அதிபர், மெக்சிகோவில் பிறந்தவர்.

எந்த நாட்டின் வீரக் கதையானாலும் கேட்கும்போது இரண்டு கேள்விகளைக் கையில் வைத்திருங்கள்: இது முதலில் எப்போது எழுதப்பட்டது? அன்று அங்கே இருந்தும் கதையில் இல்லாதவர்கள் யார்? கோடு கிழித்த காட்சியை விட்டுவிட்டால் கொன்சாலஸ் ஊரின் 32 பேர் தெரிவார்கள். இரு இனங்களின் போர் என்ற எளிய கதையை விட்டுவிட்டால் செகினும் எஸ்பார்சா குடும்பமும் தெரிவார்கள். விடுதலை என்ற சொல்லுக்கு நேராக ஜோவை நிறுத்தினால் அந்தப் போரின் சாதனையும் அநீதியும் சேர்ந்தே தெரியும். அலமோவை மறக்காதே என்று கேட்பவர்கள், ஜோவையும் சேர்த்தே நினைவில் வைக்கக் கடமைப்பட்டவர்கள்.