இருவர் மிதிக்கும் பாதை: மிதிவண்டிப் பயணத்துக்கு முன் தம்பதியர் அறிய வேண்டியவை

இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டு எட்டு மாதங்கள் ஆன ஒருவர், சென்ற ஆண்டு தம் மனைவியுடன் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தார். வயது 58. பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு அணை வரை மனைவியுடன் மிதிவண்டியில் செல்ல வேண்டும், அங்கிருந்து வால்பாறைக்கும் ஏற வேண்டும் என்பது அவர் விருப்பம். மனைவியின் முகத்தில் அச்சம் தெரிந்தது. "இவரை அனுப்பலாமா டாக்டர்?" என்று கேட்டார். அவர்களுடைய இசைவுடன், அடையாளங்களைத் தவிர்த்து, அந்தப் பயணம் கற்பித்த பாடத்தை இங்கே எழுதுகிறோம்.

இதய நோயாளி மிதிவண்டி ஓட்டலாமா?

பெரும்பாலானோர் ஓட்டலாம், ஓட்டுவது நன்மையும் தரும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி தேவை என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. சமதளத்தில் நிதானமாக மிதிப்பது அவ்வகையைச் சேர்ந்தது. உடல் எடையை இருக்கை தாங்குவதால் மூட்டுகளுக்கும் சுமை குறைவு. ஆயினும் நீண்ட பயணத்துக்கு முன் மருத்துவரின் அனுமதி வேண்டும். இவருக்கு ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் சோதனை ஆகியவற்றைச் செய்து பார்த்தோம். முடிவுகள் நிறைவாக இருந்தன. ஆறு வாரங்கள் சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டிப் பயிற்சி செய்யச் சொன்னோம்.

பயணத் திட்டத்தில் ஒரு மாற்றமும் செய்தோம். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வரை ஏறத்தாழ 24 கிலோமீட்டர். தென்னந்தோப்புகளினூடே செல்லும், பெரும்பாலும் சமதளமான சாலை. ஆழியாற்றைக் கடந்த பின் நிலை வேறு. 40 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். ஏற்றத்தில் மிதிக்கும்போது இதயத்தின் உழைப்பு பன்மடங்காகும். மேலும் அது ஆனைமலைப் புலிகள் காப்பகத்தினூடே செல்லும் சாலை. யானைகள் நடமாடும் இடம். ஆகவே அணை வரை மிதிவண்டி, மலைமேல் பேருந்து என முடிவாயிற்று.

நாடித் துடிப்பை நம்பலாமா?

பலர் நாடித் துடிப்பை எண்ணியே உழைப்பின் அளவை அறிய முயல்கின்றனர். பீட்டா தடுப்பி வகை மருந்து உட்கொள்வோருக்கு இது பொருந்தாது. அம்மருந்து துடிப்பு உயர்வதைக் கட்டுப்படுத்துவதால், உடல் களைத்த பின்னும் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். இதற்கு எளிய சோதனை பேச்சுதான். மிதித்துக்கொண்டே தடையின்றிப் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அளவு சரி. இரண்டு சொற்களுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இருவராகச் செல்வதில் உள்ள பெரிய வசதி இது. பேசிக்கொண்டே சென்றால் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டே செல்லலாம்.

நாங்கள் கேட்கத் தாமதித்த கேள்வி

மூன்றாவது முறை வந்தபோதுதான் அந்த அம்மையாரிடம், "உங்கள் உடல்நிலை எப்படி இருக்கிறது, அம்மா?" என்று கேட்டோம். "எனக்கு ஒன்றுமில்லை டாக்டர், இவரைப் பார்த்தால் போதும்" என்றார். பைக்குள் அவருடைய மாத்திரைகளும் இருந்தன. பத்தாண்டுகளாக நீரிழிவு, காலையில் கிளிமிபிரைடு மாத்திரை. பயணத்தன்று அளவை மாற்ற வேண்டுமா என்று தம் நீரிழிவு மருத்துவரைக் கேட்கும்படி கூறினோம். அந்தக் குறிப்பை எழுதியது கணவரின் கோப்பில். அம்மையாருக்கென எங்களிடம் கோப்பு இல்லை. அவர் நீரிழிவு மருத்துவரிடம் செல்லவும் இல்லை.

பயணத்தன்று விடியற்காலை கணவருக்கு உணவு, மருந்து, தண்ணீர் எல்லாம் எடுத்துவைத்துவிட்டு, நின்றபடியே ஓர் இட்லி உண்டு, வழக்கமான மாத்திரையையும் போட்டுக்கொண்டு அவர் புறப்பட்டார். பதினைந்து கிலோமீட்டர் சென்றிருப்பர். அதுவரை பேசிக்கொண்டு வந்தவர் பேச்சை நிறுத்தினார், பின்தங்கினார், கைப்பிடி தடுமாறியது. களைப்பு என்றே கணவர் முதலில் எண்ணினார். காலைக் குளிர்காற்றிலும் மனைவியின் நெற்றி வியர்த்திருந்ததைக் கண்டதும், நாங்கள் இருவருக்கும் சேர்த்துக் கூறியவை அவருக்கு நினைவுக்கு வந்தன. மரநிழலில் அமர்த்தி, குளுக்கோமீட்டரில் பார்த்தார்: 61.

ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அது தாழ்சர்க்கரை நிலை. ஏறத்தாழ 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும்; ஏறாவிட்டால் மறுபடியும் கொடுக்க வேண்டும். அவ்வாறே செய்தார். இரண்டாம் முறைக்குப் பின் 96 ஆயிற்று. வாழைப்பழமும் ரொட்டியும் உண்ணச் செய்து, எஞ்சிய தூரத்தை ஆட்டோவில் கடந்தனர். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

இப்போது எங்கள் பிரிவில், உடன் வருவோரிடமும் அவர்கள் உட்கொள்ளும் மருந்துகளைக் கேட்டு எழுதிக்கொள்கிறோம்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. இன்சுலின், கிளிமிபிரைடு போன்றவற்றைப் பயன்படுத்துவோர் பயணத்தன்று அளவைக் குறைக்க வேண்டுமா என மருத்துவரிடம் முன்பே கேட்க வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

2. மிதிக்கும் நாளில் தொடையில் இன்சுலின் போடுவதைத் தவிர்க்கலாம். உழைக்கும் தசைப்பகுதியில் மருந்து விரைந்து உறிஞ்சப்படும்.

3. உடற்பயிற்சி முடிந்த பின்னும், அன்றிரவிலும்கூட, சர்க்கரை இறங்கக்கூடும். இரவு உணவைத் தவிர்க்க வேண்டாம்.

4. நெஞ்சுவலி, தாடை அல்லது கைக்குப் பரவும் வலி, காரணமற்ற மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே நின்று அமர வேண்டும். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை தரப்பட்டிருந்தால் அமர்ந்த நிலையில் வைக்க வேண்டும். ஐந்து நிமிடங்களில் வலி தணியாவிடில் 108-ஐ அழைக்க வேண்டும். பெண்களுக்கு வலியின்றி, மிகுந்த களைப்பும் குமட்டலும் மட்டுமே தோன்றுவதும் உண்டு.

5. ஸ்டென்ட் பொருத்தியோர் உட்கொள்ளும் ரத்தம் உறையாமல் காக்கும் மருந்துகளைப் பயணத்துக்காக நிறுத்தக் கூடாது. அவற்றால் ரத்தக் கசிவு கூடும் என்பதால் தலைக்கவசம் கட்டாயம். தலையில் சிறு அடி பட்டாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

6. திடீரென நிறுத்தாமல், கடைசி பத்து நிமிடங்கள் மெதுவாக மிதித்து முடிக்க வேண்டும்.

மறுநாள் இருவரும் பேருந்தில் வால்பாறை சென்றனர். கொண்டையூசி வளைவு ஒன்றில், பாறைமேல் நின்ற வரையாட்டைக் கண்டதாகக் கணவர் கூறினார். அடுத்த மாதம் அவர்கள் மறுபடியும் எங்களிடம் வந்தனர். இம்முறை கோப்பு இரண்டு. மனைவியின் கோப்பைக் கணவர் தம் கையில் வைத்திருந்தார்.

உங்களுள் எவரேனும் இத்தகைய பயணத்தை விரும்பினால் தயங்காமல் எங்களிடம் கூறுங்கள். வரும்போது இருவருடைய மருந்துச் சீட்டுகளையும் கொண்டு வாருங்கள்.