மன்றத்தில் இரு பேச்சுகள்

உரோமாபுரி மக்கள் அரசன் என்னும் சொல்லையே வெறுத்தவர்கள். தார்க்குவின் என்ற கொடுங்கோலனைக் கி.மு. 509-ஆம் ஆண்டில் நாட்டைவிட்டுத் துரத்திய பின், இனி எவனையும் அரசனாக ஏற்பதில்லை என்று அவர்கள் சூளுரைத்தனர் என்பது அந்நகரத்தார் போற்றிய பழைய வரலாறு. ஆண்டுதோறும் இருவரை ஆட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். ஒருவர் நெறி தவறினால் மற்றவர் தடுக்கலாம். ஆண்டு முடிந்ததும் இருவரும் பதவி நீங்க வேண்டும். செனட்டு என்னும் மூத்தோர் அவை அவர்களுக்கு வழிகாட்டிற்று. இக்குடியரசை நிறுவியவனாகப் போற்றப்பெற்றவன் பெயர் புரூட்டஸ். ஏறத்தாழ 465 ஆண்டுகள் சென்றபின், அவன் மரபில் வந்தவன் என்று தன்னைக் கருதிய மற்றொரு புரூட்டஸ் கையில் குத்துவாள் ஏந்தி நின்றான். அவன் எதிரே நின்றவன் ஜூலியஸ் சீசர்.

சீசர் பெருவீரன். இக்காலப் பிரான்சு நாட்டை உள்ளிட்ட கால்லியா என்னும் பெருநிலத்தைக் கி.மு. 58 முதல் எட்டாண்டுகள் போரிட்டு அடிப்படுத்தினான். படையைக் கலைத்துவிடுமாறு செனட்டு ஆணையிட்டபோது, அவன் படையோடு ரூபிக்கன் என்னும் சிற்றாற்றைக் கடந்து கி.மு. 49-இல் தாய்நாட்டிற்குள் புகுந்தான். உள்நாட்டுப் போர் மூண்டது. மறு ஆண்டில் பார்சாலஸ் களத்தில் எதிரித் தலைவனான பொம்பேயஸ் தோற்றோடினான். புரூட்டஸ் அக்களத்தில் பொம்பேயஸின் பக்கம் நின்றவன். சீசர் அவனைத் தண்டிக்கவில்லை. மன்னித்ததோடு உயர்ந்த பதவியும் அளித்தான். காசியஸ் என்பவனும் அவ்வாறே மன்னிக்கப்பெற்றவன். பகைவரை மன்னிப்பது அருங்குணமே. ஆயினும், பிழைத்திருக்கும் உரிமை சட்டத்தால் வாராது ஒருவனுடைய அருளால் வருமாயின், குடியரசு என்ற பேச்சுக்கு அங்கு இடம் ஏது என்று மானமுள்ளோர் உள்ளம் நொந்தனர்.

கி.மு. 44-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சீசர் வாழ்நாள் முழுவதற்கும் சர்வாதிகாரி ஆனான். அம்மாதம் 15-ஆம் நாள் நடந்த லூப்பர்க்கால் விழாவில், அவனுடைய நண்பன் அந்தோனி அவனுக்கு முடி சூட்ட முயன்றான். சீசர் அதனை ஒதுக்கினான். ஒதுக்கியபோதுதான் மக்களின் ஆரவாரம் வானைப் பிளந்தது. அறுபதுக்கு மேற்பட்டோர் கூடிச் சதி செய்தனர். மார்ச்சுத் திங்கள் 15-ஆம் நாள், பொம்பேயஸ் கட்டிய மண்டபத்தில் செனட்டுக் கூடியிருந்த வேளையில், பொம்பேயஸின் சிலையடியிலேயே சீசர் வீழ்ந்தான். உடலில் 23 காயங்கள். அவற்றுள் மார்பிற்பட்ட ஒன்றே உயிரைப் போக்கியது என்று மருத்துவர் கண்டனர். புரூட்டஸும் வாளோடு வருவதைக் கண்டதும் சீசர் எதிர்ப்பதை விடுத்து மேலாடையால் முகத்தை மூடிக்கொண்டான் என்று புளூட்டார்க் எழுதியுள்ளார்.

கொல்வதற்குச் சதிகாரரிடம் திட்டம் இருந்தது. கொன்றபின் நாட்டை எவ்வாறு நடத்துவது என்பதற்குத் திட்டம் இல்லை. அந்தோனியையும் கொல்ல வேண்டும் என்றான் காசியஸ், புரூட்டஸ் மறுத்தான். இறந்தவனுக்கு வெளிப்படையாக இறுதிச் சடங்கு நடத்த இசைவும் தந்தான். இவ்விரண்டுமே புரூட்டஸ் செய்த பெரும் பிழைகள் என்பது புளூட்டார்க்கின் தீர்ப்பு.

புளூட்டார்க் கிரேக்க நாட்டினர்; சீசர் மறைந்து ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் அவர் வரலாற்றை எழுதினார். கிரேக்க மொழியினின்று அமியோ என்பவர் அந்நூலைப் பிரெஞ்சில் ஆக்கினார். பிரெஞ்சினின்று தாமஸ் நார்த் ஆங்கிலத்தில் பெயர்த்து 1579-இல் வெளியிட்டார். அவ்வாங்கில நூலைக் கையில் வைத்துக்கொண்டே ஷேக்ஸ்பியர் தம் நாடகத்தை இயற்றினார். இலண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் குளோப் என்னும் அரங்கம் எழுந்த 1599-ஆம் ஆண்டில் அது நடிக்கப்பெற்றது. அவ்வாண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் சீசரைப் பற்றிய நாடகம் ஒன்றைக் கண்டதாகச் சுவிட்சர்லாந்து நாட்டுப் பயணி தாமஸ் பிளாட்டர் குறித்துவைத்திருக்கிறார். அப்போது எலிசபெத்து அரசிக்கு அகவை 66; பிள்ளை இல்லை; தமக்குப் பின் ஆள்வோர் இன்னார் என்று அவர் அறிவிக்கவும் இல்லை. ஆள்வோன் மறைந்தால் நாடு என்னாகும் என்னும் வினா, நாடகம் பார்க்க வந்தோருக்கு உரோமாபுரியின் வினாவாக மட்டும் தோன்றியிராது.

மூன்றாண்டு நிகழ்ச்சிகளை ஷேக்ஸ்பியர் சில நாட்களாகச் சுருக்கினார். கி.மு. 45 அக்டோபரில் நடந்த வெற்றி விழாவையும் அடுத்த பிப்ரவரியில் நடந்த முடிசூட்டு முயற்சியையும் ஒரே நாளில் அமைத்தார். கொலை நடந்த இடத்தைக் கேப்பிட்டல் குன்றுக்கு மாற்றினார். சதிகாரர் கூடிப் பேசும் இரவில் கடிகாரம் மணி அடிக்கிறது. அன்றைய உரோமாபுரியிலோ நீர்க்கடிகையும் நிழற்கடிகையுமே இருந்தன! இவற்றைக் குற்றமாக எண்ணுவது பயனற்றது. அவர் வரலாற்றினும் மிகுதியாகப் பெருக்கியது ஒன்று உண்டு. அதுவே நாடகத்தின் உயிர்நிலை.

சீசரின் உடலருகே அந்தோனி ஆற்றிய உரை யாது? செனட்டுத் தீர்மானத்தைக் கட்டியக்காரனைக் கொண்டு படிக்கச் செய்து, தானாக மிகச் சில சொற்களே சேர்த்தான் என்று சுவெத்தோனியஸ் என்பார் எழுதினார். அவன் குருதி தோய்ந்த ஆடையைக் காட்டி மக்களைக் கொதிக்கச் செய்தான் என்ற அளவோடு புளூட்டார்க் நிறுத்திக்கொண்டார். இச்சில வரிகளினின்றும் உலகம் மறவாத பேச்சு ஒன்றை ஷேக்ஸ்பியர் படைத்தார்.

முதலில் புரூட்டஸ் பேசுகிறான். அவன் பேச்சு உரைநடையில் அமைந்தது, சுருக்கமானது, நிறைகோல் போல் இருபுறமும் சமமாக எடையிட்ட வாக்கியங்களால் ஆனது. அவன் கிரேக்க மொழியில் சுருங்க எழுதும் இயல்பினன் என்று புளூட்டார்க் கூறியதே இந்நடைக்கு வித்து எனலாம். மக்கள் தன் கூற்றை அறிவால் ஆராய்வர் என்று அவன் நம்புகிறான். மக்களும் ஆரவாரம் செய்கின்றனர். எவ்வாறு? இவனையே அடுத்த சீசர் ஆக்க வேண்டும் என்று! சீசர் என்பதே கூடாது என்று கொன்றவனுக்கு அவர்கள் அளித்த பரிசு அது. தன் பேச்சை ஒருவரும் விளங்கிக்கொள்ளவில்லை என்பதைப் புரூட்டஸ் அறியாமல் மேடையினின்றும் இறங்கிப் போகிறான்.

பின்னர் அந்தோனி வருகிறான். அவன் பேச்சு செய்யுளில் அமைந்தது. புரூட்டஸைப் புகழ்ந்தே தொடங்குகிறான். அதே புகழ்மொழியை மீண்டும் மீண்டும் சொல்ல, முதலில் பாராட்டாக இருந்தது ஐயமாகி, ஐயம் ஏளனமாகி, இறுதியில் வசையாகிறது. சொல் மாறவில்லை, பொருள்தான் மாறிவிட்டது. உயிலை எடுத்துக் காட்டுகிறான், படிக்க மறுக்கிறான், அவாவைத் தூண்டுகிறான். கிழிந்த ஆடையை விரித்து, இந்தக் கிழிசல் இவன் வாளால், அந்தக் கிழிசல் அவன் வாளால் என்று சுட்டுகிறான். கொலை நடந்தபோது அவன் அங்கு இல்லை என்பதைக் கூட்டத்தில் ஒருவனும் நினைத்துப் பார்க்கவில்லை. நெர்வியர் என்னும் கால்லியக் குடியினரை வென்ற நாளில் சீசர் இதனை முதன்முதல் அணிந்தான் என்றும் உருகிக் கூறுகிறான். அவ்வெற்றி கி.மு. 57-இல் கிட்டியது. அப்போது அந்தோனி கால்லியாவிலேயே இல்லை. தொலைவில் கீழ்நாடுகளில் இருந்தான். கேட்போரின் கண்களில் நீர் நிறைந்தபின் நாளும் ஆண்டும் யாருக்கு வேண்டும்?

கூட்டம் தீப்பந்தங்களுடன் எழுகிறது. வழியில் சின்னா என்னும் புலவன் அகப்படுகிறான். சதிகாரருள் ஒருவன் பெயரும் சின்னா. தான் அவன் அல்லன், புலவன் என்று இவன் கதறுகிறான். ஆள் மாறிக் கொலை நடந்தது என்பது புளூட்டார்க் தரும் செய்தி. ஷேக்ஸ்பியரோ மேலும் ஒரு படி சென்றார். அவர் நாடகத்தில் ஆள் மாறியதை அறிந்தபின்னும் கூட்டம் அவனை விடவில்லை. நல்ல பாட்டு எழுதவில்லை என்பதற்காகக் கொல்லலாம் என்று ஒருவன் கூவுகிறான். சிரிப்பு வரும் இடம் போலத் தோன்றிக் குலை நடுங்கச் செய்யும் காட்சி இது.

நான்காம் அங்கத்தின் தொடக்கம் மிகச் சிறியது. விரைந்து படிப்போர் கண்ணுக்குத் தப்பிவிடும். அந்தோனி, ஒக்டேவியஸ், லெப்பிடஸ் ஆகிய மூவரும் அமர்ந்து, கொல்ல வேண்டியவர் பெயர்களைப் பட்டியல் இடுகின்றனர். தன் உடன்பிறந்தாள் மகன் பெயருக்கு நேரே அந்தோனி தயங்காமல் குறியிடுகிறான். பின்னர், சீசரின் உயிலை எடுத்துவருமாறு லெப்பிடஸை அனுப்புகிறான். ஆளுக்கு 75 திராக்மா என்று படித்துக்காட்டி மக்களை அழச் செய்த அதே உயில்தான். அதில் எழுதிய கொடைகளை எவ்வளவு குறைக்கலாம் என்று பார்ப்பதற்காக இப்போது வேண்டியிருக்கிறது.

வரலாற்றிலும் அந்தோனி அப்பணத்தைக் கொடுக்கக் காலம் தாழ்த்தினான். சீசரின் தத்துமகனாகிய ஒக்டேவியஸ் தன் சொத்தை விற்றுக் கொடுக்க முன்வந்தான். மக்கள் அவன்பால் சாய்ந்தனர். கி.மு. 42-இல் பிலிப்பி போரில் தோற்றுக் காசியஸும் புரூட்டஸும் தம்மை மாய்த்துக்கொண்டனர். கி.மு. 27-இல் ஒக்டேவியஸ் அகஸ்டஸ் என்னும் பட்டம் பெற்று முதற் பேரரசன் ஆனான். அவன் தன் செயல்களைத் தானே தொகுத்தெழுதிய கல்வெட்டின் படி ஒன்று துருக்கியின் அங்காரா நகரில் இன்றும் உள்ளது. தன் தந்தையின் உயில்படி உரோமாபுரி மக்களுக்கு ஆளுக்கு 300 செஸ்டர்ஸ் கொடுத்ததாக அதில் அவன் பொறித்திருக்கிறான். அது சரியாக அந்த 75 திராக்மாவே.