பாட்டனார் எந்த ஊர்?



குடிமதிப்பு எழுதும்படி அகுஸ்து இராயன் கட்டளையிட்டபோது, சூசையப்பர் தம் முன்னோரின் ஊராகிய பெத்லகேமுக்குப் புறப்பட்டார். எந்த ஊருக்குப் போகவேண்டுமென்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கஹவத்தைத் தோட்டங்களில் வாழும் நம்மவருள் எத்தனை பேருக்கு அது தெரியும்?

முதியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சாமி, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்திலே அக்கா குடும்பம் இந்தியாவுக்குப் போயிருச்சு. பிறகு கடுதாசியும் நின்னு போச்சு. எங்கே போய்த் தேடுறது?"

1964ஆம் ஆண்டின் அந்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. ஒரே லயத்தில் பிறந்தவர்கள் இரு நாட்டவரானார்கள்.

அரசாங்கக் குடிசன மதிப்பீட்டில் தேடலாமா? இலங்கையில் 1871இல் அது தொடங்கியது; 1911 முதல் இந்தியத் தமிழர் தனியாக எண்ணப்பட்டனர். ஆனால் வெளியிடப்படுவது தொகை மட்டுமே. உங்கள் பாட்டனார் அங்கே ஓர் எண்; பெயரல்ல.

பெயர் இருப்பது கோவில் ஏட்டில். விவாகப் பதிவில் மணமக்களோடு பெற்றோர், சாட்சிகள் பெயரும் காணப்படும். ஞானஸ்நானம் பெற்ற கோவிலின் பெயரும் இருந்தால், அதுவே நீங்கள் தேடும் ஊருக்கு வழி.

இன்னொன்றைப் பலர் அறியார். 1908 முதல் திருச்சபைச் சட்டப்படி, ஒருவர் எங்கே மணமுடித்தாலும், அச்செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள பதிவின் ஓரத்தில் குறிக்கப்படவேண்டும். ஆகவே அந்த முதியவருக்கு நான் சொன்னது இதுதான்: "அக்காவின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஏட்டைப் பாருங்கள். அவர்கள் இந்தியாவில் மணமுடித்த கோவிலின் பெயர் ஓரத்தில் இருக்கக்கூடும்." எழுத மறந்த குருக்களும் உண்டு, ஆயினும் முதலில் பார்க்கவேண்டிய இடம் அதுவே.

தேடுவோர் கவனிக்க:

1. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, தோட்டத்தின் தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், கங்காணியின் பெயர், ஊர்க் கோவிலின் பாதுகாவலர் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள்.

2. பழைய ஏடுகள் இலத்தீனில் இருக்கலாம். இராயப்பன் அங்கே பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ். பெயர் மாறியிருக்கிறதென்று ஏட்டை மூடிவிடாதீர்கள். தகப்பன் பெயரையும் ஒப்பிடுங்கள்.

3. இரத்தினபுரி மறைமாவட்டம் 1995இல் உருவானது. அதற்குமுன் இப்பகுதி காலி மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. பங்கு ஏடுகளின் பிரதியை ஆண்டுதோறும் ஆயரகத்துக்கு அனுப்பவேண்டுமென்று 1917ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. பங்கில் ஏடு சிதைந்திருந்தால், காலி ஆயரகத்தில் விசாரிக்கலாம்.

4. வழக்கப்படி தாலி கட்டி, விவாகத்தைப் பதியாமல் விட்டவர்கள் தோட்டங்களில் அநேகர். அப்படியானால் பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவைத் தேடுங்கள். தாய் தந்தை பெயர் அங்கே இருக்கும்.

ஏடுகளைச் செல்லரிக்கிறது, பெரியவர்களின் நினைவும் மங்குகிறது. ஏடு நாளைக்கும் இருக்கலாம், பாட்டி இருப்பாரா? ஆகவே இன்றிரவு செபமாலை முடிந்ததும் ஒரு கொப்பியை எடுத்து அவரருகே உட்காருங்கள். முதற்கேள்வி: "பாட்டி, உங்க அம்மா பேரு என்ன?"