ஸ்பானிஷுக்குத் தமிழே குறுக்குவழி

இங்கிலீஷ் தடுமாறுதுன்னு ஆன்லைன் ஸ்பானிஷ் கோர்ஸைப் பாதியில விட்டுடாதீங்க மக்களே! வீடியோ இங்கிலீஷில் ஓடினாலும் நோட்ஸைத் தமிழில் எழுதிப் பாருங்க.

1. 'ஆப்லோ' என்றாலே 'பேசுகிறேன்'. 'ஆப்லாஸ்' என்றால் 'பேசுகிறாய்'. நம்மைப் போலவே விகுதியே ஆளைக் காட்டிவிடும். 'நான்', 'நீ' தனியா வேண்டாம்.

2. 'து' என்றால் நீ, 'உஸ்தெத்' என்றால் நீங்கள். மரியாதை நமக்குப் புதுசா என்ன?

3. 'மே குஸ்தா' என்பது 'எனக்குப் பிடிக்கும்'. அதே நான்காம் வேற்றுமை! 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் சரக்கை வைத்துப் பழகுங்க: 'மே குஸ்தா எல் பால்கோவா'.

4. நாய்க்கு 'பெர்ரோ'. நாக்கை நல்லா உருட்டணும். ஒரே தட்டில் 'பெரோ' என்றால் 'ஆனால்'. ராஜபாளையம் நாய் திரும்பிக்கூடப் பார்க்காது!

இன்னைக்கே பத்து வினைச்சொல்லைத் தமிழ் விகுதியோடு ஜோடி சேர்த்து எழுதுங்க. அடுத்த பாடம் லேசாகிடும்.