திராவகத்தில் போட்டால் தங்கம் வருமா?

மலையடிவாரத்தில் மஞ்சளாக மின்னும் கல் ஒன்று கிடைத்தால் போதும், நாகர்கோவில் வடசேரி ஆசாரியிடம் கொடுத்து, திராவகத்தில் போட்டுத் தங்கம் எடுத்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் உண்டு. கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய நாகர்கோவிலில் இதுகூட முடியாமல் போகுமா?

முடியாது. அந்தக் கல் பெரும்பாலும் பைரைட்டாக இருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. சுத்தியலால் தட்டினால் தங்கம் தகடாகும், பைரைட் நொறுங்கும். கடற்கரைக்குப் போனாலும் ஏமாற்றம்தான்: மணவாளக்குறிச்சிக் கருமணலின் கருப்பு, இல்மனைட் என்னும் டைட்டானியத் தாது.

பட்டறைத் திராவகம் வேலை செய்வதே தலைகீழாக. நைட்ரிக் அமிலம் தங்கத்தைத் தொடாது. பழைய நகையோடு வெள்ளி கூட்டி உருக்கி, தங்கத்தின் அளவைக் கால் பங்காக்கி, அமிலத்தில் கொதிக்க வைப்பார்கள். வெள்ளியும் செம்பும் கரைந்துவிடும். அடியில் பழுப்புப் பொடி தங்கும். அதுதான் தங்கம், உருக்கிய பிறகே மஞ்சள் திரும்பும்.

சுரங்கத்து வழி வேறு. தமிழர்கள் தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்கவயலில் பாறையை மாவாக அரைத்துச் சயனைடுக் கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைக் கரைத்தெடுத்தார்கள். 1887இல் ஸ்காட்லாந்தில் மக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் கண்டுபிடித்த முறை அது. கரைசலில் சயனைடு பொதுவாக மிகக் குறைந்த அளவுதான்; கூடவே காற்றின் ஆக்சிஜனும் சுண்ணாம்பும் வேண்டும். சுண்ணாம்பு எதற்கு? கரைசல் அமிலமானால் சயனைடு விஷவாயுவாகக் கிளம்பிவிடும். யூடியூப் பார்த்து ஆசிட்டையும் சயனைடையும் ஒன்றாகக் கலப்பவர் தங்கத்தைப் பார்க்க உயிரோடு இருக்க மாட்டார்.

பைரைட்டில் தங்கமே இருக்காது என்பதும் அரைகுறை உண்மைதான். பைரைட், ஆர்சனோபைரைட் படிகங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகத் தங்கம் புதைந்திருப்பதுண்டு. வழக்கம்போல் அரைத்தால் சயனைடு அதை எட்டாது. போதாக்குறைக்கு, கந்தகத் தாது ஆக்சிஜனையும் சயனைடையும் விழுங்கிவிடும். எனவே முதலில் படிகத்தைச் சிதைத்தாக வேண்டும். வறுத்தால் கந்தக டை ஆக்சைடும் ஆர்சனிக் புகையும் எழும். தென்னாப்பிரிக்காவின் ஃபேர்வியூ சுரங்கத்தில் 1986இல் அந்த வேலையைப் பாக்டீரியாக்களிடம் ஒப்படைத்தார்கள். இரும்பையும் கந்தகத்தையும் ஆக்சிஜனேற்றியே பிழைக்கும் நுண்ணுயிர்கள் அவை. அவை சிதைத்துக் கொடுத்த பிறகுதான் சயனைடுக்கு வேலை.

கோலார் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. அரைத்துத் தள்ளிய மண் சுமார் 3.3 கோடி டன், குன்று குன்றாகக் கிடக்கிறது. சயனைடு மேடு என்று பெயர். தொட்டாலே ஆபத்து என்ற பயமும் உண்டு. ஆனால் வெயிலிலும் காற்றிலும் சயனைடின் பெரும்பகுதி காலப்போக்கில் சிதைந்துவிடும். காற்றடிக்கும் நாட்களில் வீடுகளுக்குள் வந்து படியும் நுண்தூசிதான் அங்குள்ளவர்களுக்கு இன்றும் தீராத தொல்லை.