ஆறிப்போன காமாலைக்கு ஏன் மாத்திரை?

அப்பாவுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. ஹெபடைட்டிஸ் பி எப்போதோ வந்து ஆறிவிட்டது. பிறகு ஏன் தினமும் அதற்கு மாத்திரை? — வாசகி, பெட்டாலிங் ஜெயா

ஹெபடைட்டிஸ் பி ஆறினாலும் அதன் மரபுப்பொருள் கல்லீரல் அணுக்களில் தங்கிவிடுகிறது. அதை அடக்கி வைப்பது எதிர்ப்பு சக்தி. மாற்று சிகிச்சையில் அந்தச் சக்தி அழிந்து, கொடையாளரின் அணுக்களிலிருந்து புதிதாக உருவாகிறது. அந்த இடைவெளியில், சிலருக்கு ஓராண்டு கழித்தும், கிருமி தலைதூக்கும். கல்லீரலே செயலிழக்கலாம். கிருமியின் மேற்பரப்புப் புரதத்தைத் தேடும் பரிசோதனை ‘நெகட்டிவ்’ என்றால் போதாது; பழைய தொற்றைக் காட்டுவது ஆன்டி-எச்பிசி என்னும் இரத்தப் பரிசோதனை. மலேசியாவில் பச்சிளங்குழந்தைகளுக்குத் தடுப்பூசி தொடங்கியதே 1989-இல். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு இந்த ஆன்டி-எச்பிசி பரிசோதனை கட்டாயம் பார்க்கவேண்டியது. என்டெகாவிர் (வெறும் வயிற்றில்) அல்லது டெனோஃபோவிர் மாத்திரை கிருமி தலைதூக்கும் ஆபத்தைப் பெருமளவு தடுக்கிறது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகள் நின்ற பிறகும் குறைந்தது 12 மாதங்கள் மாத்திரை தொடரும். மருத்துவர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தக்கூடாது.